அடிபட்டு பிசியோவுக்கு வர்றவங்க செருப்பு மாட்டும்போது கேக்குற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட், 14 வருசமா இதே பொழப்புதான். மொதல்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில, அப்புறம் சொந்தமா ரெண்டு கட்டில் போட்ட சின்ன கிளினிக். வர்றவங்கள்ல டூவீலர் ஆக்சிடென்ட்டு கேஸ்தான் அதிகம், அப்புறம் பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு ஒடஞ்ச அம்மாங்க, கபடி கிரிக்கெட்னு முட்டி திருகிக்கிட்ட பசங்க. ஒரு விசயம் கவனிச்சிருக்கேன், உள்ள அர மணி நேரம் படுத்திருக்கும்போது "எதாவது கேக்கணுமா"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல சார்"ம்பாங்க, வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே செவுத்த புடிச்சு நின்னுக்கிட்டு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதான் நெசமான கேள்வி. அப்படி வந்ததுல திரும்பத் திரும்ப வர்றத மட்டும் இங்க எழுதுறேன். எக்சர்சைஸ் எப்படி பண்றதுன்னு இதுல இருக்காது, அதுக்கு வீடியோ கொட்டிக் கெடக்கு. உங்களுக்கும் உங்க தெரபிஸ்ட்டுக்கும் நடுவுல என்ன நடக்கணும்ங்கறதுதான் இது.

மொத நாள் கால பாக்காம ஊர்க்கத எல்லாம் ஏன் கேக்குறீங்க?

கால அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது. வீடு எத்தனாவது மாடி, படிக்கு கைப்பிடி இருக்கா, டாய்லெட் இண்டியனா வெஸ்டர்னா, சமையல் யாரு, வேலைக்கு பஸ்ல போறீங்களா வண்டிலயா, இதெல்லாம் தெரியாம நான் என்ன வைத்தியம் பண்றது சொல்லுங்க. முட்டிய எடுத்துக்குவோம். நடக்குறதுக்கு 60, 70 டிகிரி மடங்குனா போதும், படி ஏறி எறங்க 90 பக்கம் வேணும், நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிக்க 100 பக்கம், இண்டியன் டாய்லெட்ல குந்தணும்னா 130க்கு மேல. 110 வந்ததும் "சூப்பர், முடிஞ்சிருச்சு"ன்னு நான் அனுப்பி வச்சுட்டா, வீட்ல இண்டியன் டாய்லெட் மட்டும் இருக்குறவருக்கு அந்த சூப்பரால என்ன பிரயோஜனம்?

ஒரு அக்கா வந்தாங்க, மார்க்கெட்ல பூ கட்டி விக்கிறவங்க, வலது மணிக்கட்டு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் பாட்டுக்கு மணிக்கட்ட மேல தூக்கு கீழ எறக்குன்னு நாலு நாள் ஓட்டிட்டேன். அஞ்சாவது நாள் செருப்பு மாட்டும்போது "தம்பி, மணிக்கட்டு கெடக்கட்டும், இந்த கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் நூல புடிக்குமா"ன்னு கேட்டாங்க. நாலு நாள் வீணாப் போச்சுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. மறுநாள்ல இருந்து ஒரு நூல்கண்டும் அரமொழம் உதிரிப்பூவும் அவங்களே கொண்டு வந்தாங்க, அதுதான் எக்சர்சைஸ், நான் குடுத்த பந்த விட அது நல்லா வேல செஞ்சுது.

எட்வர்ட் போர்டின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1979ல இத பத்தி எழுதியிருக்காரு. வைத்தியம் பாக்குறவரும் பாத்துக்குறவரும் ஒண்ணா வேல செய்யணும்னா மூணு வேணும்னாரு: எதுக்காகங்கறதுல ஒத்துப்போகணும், அதுக்கு என்ன செய்யணும்ங்கறதுல ஒத்துப்போகணும், அப்புறம் ஒருத்தர்மேல ஒருத்தருக்கு பிடிப்பு இருக்கணும். மனநல சிகிச்சைக்காக எழுதுனது, ஆனா எங்க தொழில்லயும் அதத்தான் பாடமா வச்சிருக்காங்க. அந்த பூ அக்கா விசயத்துல மொத ஒண்ணுலயே நான் பெயில்.

மெஷின் வைக்கலையா சார்?

இந்த கேள்விக்கு காசு வாங்கியிருந்தா கிளினிக்க மாடி எடுத்துக் கட்டியிருப்பேன். "போன எடத்துல கரண்ட்டு வச்சாங்க, மெழுகு ஒத்தடம் குடுத்தாங்க, நீங்க வெறும் கையக்கால ஆட்டச் சொல்றீங்க, அதுக்கு எதுக்கு பீஸு"ன்னு முகத்துக்கு நேராவே கேட்டிருக்காங்க. தப்பில்ல, கேளுங்க. ஐஎஃப்டி, டென்ஸ்னு தோல்ல ஒயர ஒட்டி லேசா கரண்ட்டு குடுக்குற மெஷின் இதெல்லாம் வலிய கொஞ்ச நேரத்துக்கு கொறைக்கும், நானும் வச்சிருக்கேன், தேவைப்பட்டா போடுவேன். ஆனா சூம்பிப்போன தொடைய அது ஏத்தாது, எறுகிப்போன மூட்ட அது நகத்தாது.

இதுல ஒரு சுவாரசியமான ஆராய்ச்சி இருக்கு. கனடாவுல ஆல்பர்டா பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணது, 2014ல வந்துச்சு. ரொம்ப நாள் முதுகுவலி உள்ள 117 பேர். பாதிப்பேருக்கு நெசமாவே ஐஎஃப்டி கரண்ட்டு, மீதிப்பேருக்கு ஒயர ஒட்டிட்டு கரண்ட்டே வராத டம்மி. ரெண்டையும் மறுபடி ரெண்டா பிரிச்சாங்க, ஒரு பக்கம் தெரபிஸ்ட் வந்து ரெண்டு வார்த்த பேசி ஒட்டிட்டு ரூம விட்டுப் போயிருவாரு, இன்னொரு பக்கம் கூடவே இருந்து எப்ப வலிக்குது, வேல எப்படி, என்ன கஷ்டம்னு கேட்டு காது குடுத்து கேப்பாரு. வலிய பத்துக்கு அளந்து பாத்தா, கரண்ட்டும் இல்ல பேச்சும் இல்லாதவங்களுக்கு 1 கொறஞ்சுது, நெச கரண்ட்டு ஆனா பேச்சில்லாதவங்களுக்கு 1.8, டம்மி கரண்ட்டு ஆனா நல்லா பேசுனவங்களுக்கு 2.2, ரெண்டும் சேந்தவங்களுக்கு 3.1. அதாவது கரண்ட்டே இல்லாம காது குடுத்து கேட்டது, கரண்ட்ட வச்சுட்டு எந்திரிச்சுப் போனத விட மேல நிக்குது.

ஒரே ஒரு தடவ குடுத்த சிகிச்ச, அதுவும் முதுகுவலி, அதனால பேசியே ஒடஞ்ச எலும்ப ஒட்ட வச்சிருவேன்னு நான் கெளம்பல. ஆனா மெஷின மாட்டிட்டு தெரபிஸ்ட் செல்போன பாத்துக்கிட்டு உக்காந்திருக்குற எடத்துக்கு நீங்க பணம் கட்டுறீங்கன்னா எதுக்கு கட்டுறோம்னு யோசிங்க.

வலிக்குதுன்னு சொன்னா நிறுத்துவீங்களா, இல்ல அமுக்குவீங்களா?

நிறுத்துவேன். இப்போ. முன்னாடி அப்படி இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

வேலைக்கு சேந்த ரெண்டாவது வருசம், அந்த பெரிய ஆஸ்பத்திரில ஒரு நாளைக்கு 30 பேர் வரைக்கும் பாக்கணும், ஆளுக்கு பத்து நிமிசம். ஒரு லாரி டிரைவர் அண்ணன், தொட எலும்பு முறிஞ்சு உள்ள ராடு வச்சது, முட்டி 40 டிகிரிக்கு மேல மடங்கல. சீனியர் வந்து "என்ன தடவிக்கிட்டு இருக்க, மடக்கு"ன்னாரு. நானும் குப்புற படுக்க வச்சு என் மொத்த வெயிட்டையும் போட்டு மடக்குனேன். அந்த அண்ணன் தலவாணிய கடிச்சுக்கிட்டு சத்தமே போடல. 15 டிகிரி கூடிச்சுன்னு பெருமையா சீட்ல எழுதுனேன். மறுநாள் முட்டி பந்து மாதிரி வீங்கி பழையபடி 40க்கே வந்துருச்சு, அதுக்கடுத்த நாள்ல இருந்து அவர் வரவே இல்ல. போன் பண்ணா அவர் வீட்டம்மாதான் எடுத்தாங்க, "அந்த எடத்துக்கு போகமாட்டேங்குறாரு சார், ராத்திரி தூக்கத்துல கால இழுத்துக்குறாரு"ன்னாங்க. சீனியர் மேல பழி போட்டுரலாம், ஆனா அவர் காலு மேல இருந்தது என் கை.

வலில ரெண்டு வகை இருக்கு. எறுகுன சத இழுக்கும்போது வர்ற இழுவ வலி, சுருக்குன்னு கத்தி குத்துற மாதிரி வர்ற வலி. முதல் வகை கொஞ்சம் வந்துதான் ஆகும், வலிக்கவே வலிக்காதுன்னு எந்த தெரபிஸ்ட்டாவது சொன்னா அது பொய். பத்துக்கு நாலஞ்சுக்குள்ள இருக்கணும், செஞ்சு முடிச்சதும் எறங்கணும், மறுநாள் காலைல முந்தின நாள விட வலியோ வீக்கமோ கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தா நேத்து குடுத்தது ஓவர்டோஸ், தப்பு என் மேல, கொறைச்சுக்கலாம். ரெண்டாவது வகைனா அந்த நொடியே சொல்லுங்க. "ஆம்பள எப்படி கத்துறது"ன்னு பல்ல கடிக்கிறவங்கதான் எனக்கு பயம், கத்துறவங்க இல்ல. நீங்க சொல்ற நம்பர வச்சுத்தான் என் கை எவ்ளோ அழுத்தணும்னு முடிவு பண்ணுது, நீங்க மறைச்சா நான் கண்ணு தெரியாம வண்டி ஓட்டுற மாதிரி.

வீட்ல எக்சர்சைஸ் செய்யல, வந்து எப்படி சொல்றது?

"செய்யல"ன்னு சொல்லுங்க. அவ்ளோதான். ஆனா அது வாய்ல வராதுன்னு தெரியும்.

"செஞ்சீங்களா?" "செஞ்சேன் சார்." "எத்தன தடவ?" "நீங்க சொன்ன மாதிரியே சார்." இது தெனமும் பத்து தடவ கேக்குற டயலாக். எனக்கு தெரியாம இல்ல, ரெண்டு வாரம் தெனம் மூணு வேளை செஞ்ச தொடைய டேப் வச்சு அளந்தாலே தெரிஞ்சிரும், கோணமானில மூட்ட அளந்தா தெரிஞ்சிரும். பொய்யால கெட்டுப்போறது என்னன்னா, நான் கணக்க தப்பா போட்டுருவேன். செஞ்சும் முன்னேறலன்னா வேற எதோ பிரச்சனைன்னு நெனச்சு எக்சர்சைஸ மாத்துவேன், டாக்டருக்கு எழுதுவேன், திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். ஒரு "செஞ்சேன்"னால உங்களுக்கு வெட்டிச் செலவு.

சரி, ஏன் பொய் சொல்றாங்க? ஸ்கூல்ல ஹோம் வொர்க் செய்யாதவன எந்திரிச்சு நிக்க வச்ச மாதிரி நாங்க கேக்குறோம், அதான். 70 வயசு அம்மா ஒருத்தங்க, இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேசன் ஆனவங்க, மூணு வாரமா "செஞ்சேன் ராசா"ன்னே சொல்லிட்டு இருந்தாங்க, கால்ல ஒரு பலமும் ஏறல. ஒரு நாள் வீட்டுக்கே போனேன். ஒரே ரூமு, ஒத்தக் கட்டிலு, அதுல மகனும் மருமகளும், இவங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர்தான், ராத்திரியும் அதுல சாஞ்சுதான் தூக்கம். நான் குடுத்த ஆறு எக்சர்சைஸ்ல அஞ்சு படுத்துக்கிட்டு செய்யறது. தரைல படுத்தா எந்திரிக்க ஆள் வேணும், பகல்ல வீட்ல ஆள் இல்ல. இத என்கிட்ட சொன்னா மகனுக்கு கேவலம்னு மறைச்சிருக்காங்க. எல்லாத்தையும் சேர்ல உக்காந்து செய்யற மாதிரியும் அடுப்பு மேடைய புடிச்சு நின்னு செய்யற மாதிரியும் மாத்திக் குடுத்தேன். சோறு பொங்குற நேரத்துல நின்னுக்கிட்டே காலத் தூக்குனாங்க.

அதுல இருந்து "செஞ்சீங்களா"ன்னு கேக்குறத விட்டுட்டேன். "எது செய்ய முடியல?"ன்னு கேக்குறேன். வித்தியாசம் சின்னதுதான், ஆனா அதுக்கு பதில் வருது. ஆறு குடுத்தா எதையுமே செய்ய மாட்டாங்க, ரெண்டு குடுத்தா ஒண்ணரையாவது செய்வாங்க, இதுவும் அனுபவத்துல வந்த கணக்குதான்.

உங்க தெரபிஸ்ட் "செஞ்சீங்களா"ன்னு மெரட்டுற டைப்பா இருந்தா நீங்களே ஆரம்பிங்க: "சார், மூணாவது மட்டும் செஞ்சேன், மத்தது செய்யல, ஏன்னா"... அந்த ஏன்னாவுக்கு அப்புறம் வர்றதுதான் எங்களுக்கு வேணும்.

எப்போ சரியாகும்? ஒரு தேதி சொல்லுங்க.

வாரத்துல சொல்லுவேன், தேதில சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு நாள் குறிச்சுட்டு வந்து "அதுக்குள்ள பண்ணிக் குடுங்க"ன்னு டைலர்கிட்ட கேக்குற மாதிரி கேக்குறாங்க.

கபடி, புட்பால் பசங்க ஏசிஎல்னு முட்டிக்குள்ள இருக்குற ஜவ்வு அறுந்து, அதுக்கு ஆபரேசன் முடிஞ்சு மூணாவது மாசம் வந்து நிப்பாங்க, "வலியே இல்ல சார், மேட்ச் ஆடலாமா". இங்கதான் விவகாரம். உள்ள வச்ச ஜவ்வு மொத சில மாசத்துல பலம் கொறைஞ்சு, ரத்த ஓட்டம் புடிச்சு, அப்புறம்தான் கொஞ்சங்கொஞ்சமா தேறும், அது தேறாத நேரத்துல உங்களுக்கு வலி மட்டும் போயிருக்கும். 2016ல நார்வேயும் அமெரிக்காவும் சேந்த ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆபரேசனுக்கு அப்புறம் ஒன்பது மாசம் வரைக்கும் ஆட்டத்த தள்ளிப் போடுற ஒவ்வொரு மாசத்துக்கும் திரும்ப அடிபடுற வாய்ப்பு பாதியளவு கொறையுதுன்னு அதுல சொல்றாங்க. இத சொன்னா பசங்க முகம் தொங்கிரும். அப்ப ரிஷப் பந்த் கதைய எடுப்பேன். 2022 டிசம்பர் 30 காலைல கார் ஆக்சிடென்ட், முட்டில ஜவ்வு ஆபரேசன், திரும்ப ஐபிஎல் ஆடுனது 2024 மார்ச் 23. கிட்டத்தட்ட 15 மாசம். அவருக்கு இல்லாத டாக்டரா, பிசியோவா, ஜிம்மா? அவருக்கே அவ்ளோன்னா நமக்கு மூணு மாசம்னா எப்படி தம்பி.

முட்டி விசயத்துல தேதிய விட பரிட்ச முக்கியம். ஒத்தக்கால்ல தாண்டுற தூரம், ரெண்டு தொட பலத்துக்கும் உள்ள வித்தியாசம், இதுல பாஸானாதான் மைதானம். பெயிலானா என்மேல கோவப்படுங்க, பரவால்ல, நான் தாங்குவேன், அந்த ஜவ்வு தாங்காது.

ஆபரேசன் பண்ண டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நீங்க வேற சொல்றீங்க?

எங்க ரெண்டு பேர்ல யாரு சொல்றத கேக்குறதுன்னு நீங்க மண்டைய ஒடச்சுக்க வேணாம், டிஸ்சார்ஜ் சம்மரிய கொண்டு வாங்க, நானே போன் பண்ணி பேசிக்கிறேன். கால் ஊனலாமா, எவ்ளோ ஊனலாம்ங்கறதுல கடைசி வார்த்த அவருதுதான், உள்ள பிளேட்டு எப்படி உக்காந்திருக்குன்னு பாத்தது அவரு. பேச மாட்டேன்னு ஈகோ புடிக்கிற தெரபிஸ்ட்டும் டாக்டரும் உண்டு, பாவம் நடுவுல மாட்டுறது நீங்கதான்.

புத்தூர் கட்டு போட்டேன், எண்ண தேச்சேன்னு சொன்னா திட்டுவீங்களா?

திட்டமாட்டேன், சத்தியமா. ஆனா மறைக்காதீங்க.

திருத்தணி, நகரி தாண்டி ஆந்திராவுல இருக்குற புத்தூருக்கு தலமொற தலமொறையா நம்ம ஊர்ல இருந்து வண்டி கட்டிப் போயிருக்காங்க, இப்ப தெருவுக்கு தெரு அந்த பேர்ல போர்டு இருக்கு. என் தாத்தாவே போயிருக்காரு. அதனால "அறிவில்லையா"ன்னு கேக்க எனக்கு மனசு வராது, கேட்டா அடுத்த தடவ சொல்லாம போவீங்க, அவ்ளோதான் நடக்கும். என் பயம் ரெண்டு எடத்துலதான். ஒண்ணு, கட்டு எறுக்கமா இருந்து விரல் நீலமாகி மரத்துப்போய் தாங்க முடியாத வலி வந்தா, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் கட்ட அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், விடியட்டும்னு விட்டா கையே போயிரும். இன்னொண்ணு, முழங்கை. அடிபட்ட முழங்கைய புடிச்சு எண்ண போட்டு உருவி உருவி நீவுனா முன்பக்க சதைக்குள்ளயே எலும்பு மொளைக்கும், மயோசைட்டிஸ் ஆசிபிகன்ஸ்னு பேரு, அப்புறம் கை மடங்காது நீளாது. சின்னப் பிள்ளைங்கள இப்படி கொண்டு வரும்போது மனசு கஷ்டமா இருக்கும். பாட்டி பாசத்துல நீவுனதுதான், யாரப் போய் திட்ட.

நீவியிருக்கீங்கன்னு சொன்னா நான் அந்த முழங்கைய இழுத்து மடக்க மாட்டேன், எக்ஸ்ரே பாத்துட்டுதான் தொடுவேன். சொல்லலன்னா தொட்டு இன்னும் கெடுத்துருவேன்.

லேடி தெரபிஸ்ட்தான் வேணும்னு கேட்டா தப்பா நெனப்பாங்களா?

நெனச்சா அது அவங்க பிரச்சன. கேளுங்க. எங்க வேல தொட்டுத்தான் நடக்கும், அதனாலயே இதுல வெளிப்படையா இருக்கணும். எங்க தொடப்போறேன், எதுக்கு, எந்தத் துணிய எவ்ளோ நகத்தணும்னு மொதல்ல சொல்லணும், நீங்க சரின்னதுக்கு அப்புறம்தான் கை வைக்கணும், மத்த எடத்த போர்வையால மூடணும். கூட உங்க வீட்டு ஆளோ கிளினிக் அக்காவோ நிக்கலாம். நேத்து சரின்னு சொன்னத இன்னைக்கு வேணாம்னு மாத்தலாம். சொல்லாம தொட்டா, கதவ தாழ் போட்டா, தேவையில்லாத பேச்சு பேசுனா அப்பவே எந்திரிச்சு வந்துருங்க, மரியாதைக்காக உக்காந்திருக்க வேணாம். ஆம்பள பேசண்ட்டுக்கும் இதே ரூல்தான், அவங்களுக்கும் கூச்சம் உண்டு, வெளிய சொல்றதில்ல.

வீட்டு ஆளுங்க கூட இருக்கலாமா?

இருக்கலாம், பதில மட்டும் அவங்க சொல்ல வேணாம். "எங்க வலிக்குது?"ன்னு அந்த அம்மாவ கேட்டா, வீட்டுக்காரர் "முட்டிக்கு கீழ சார், அவளுக்கு சொல்லத் தெரியாது"ம்பாரு. வலி அவங்களுது சார், விடுங்க. இன்னொரு ரகம், கை ஒடஞ்சது 26 வயசு பையனுக்கு, கட்டு பிரிச்சு ஒரு மாசம் ஆச்சு, அம்மா இன்னும் ஊட்டி விடுறாங்க. நான் சட்டை பட்டன் போட விட்டு பழக்குனா, வீட்ல போய் அவங்களே போட்டு விடுவாங்க. அந்த அம்மாகிட்ட "ஊட்டாதீங்க"ன்னு சொன்னா கேக்க மாட்டாங்க, "தயிர்சாதம் மட்டும் அவனா சாப்பிடட்டும், மத்தது நீங்க ஊட்டுங்க"ன்னேன். ரெண்டே வாரம், அவனே தோச பிச்சு சாப்டான்.

திடீர்னு அழுகை வருது, அசிங்கமா இருக்கு.

என் கட்டில்ல அழாதவங்க கொறைவு. எட்டு மாசம் முன்னாடி குடும்பத்தையே தாங்கிட்டு இருந்த ஆளு இன்னைக்கு பாத்ரூம் போக ஆள் கூப்பிடணும்னா அழுகை வராம என்ன வரும். டிஷ்யூ வச்சிருக்கேன், அன்னைக்கு எக்சர்சைஸ் கம்மி, பேச்சு ஜாஸ்தி. ஆனா நான் மனநல மருத்துவர் இல்லங்கறது எனக்கு தெரியணும். ஹாரன் சத்தம் கேட்டாலே நடுங்குது, ஆக்சிடென்ட் திரும்பத் திரும்ப கனவுல வருது, வண்டி சாவியவே தொட முடியல, இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதுன்னா அதுக்குன்னு படிச்சவங்ககிட்ட போகணும். டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன் இருக்கு, நம்பர் 14416, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். முட்டிக்கு வந்துட்டு இத எப்படி பிசியோகிட்ட சொல்றதுன்னு யோசிக்காதீங்க, பயத்துல உடம்ப எறுக்கி வச்சிருந்தா முட்டியும் மடங்காது.

காசு கட்டுப்படியாகல, சொல்லாம நின்னுரலாமா?

சொல்லிட்டு நில்லுங்க. இல்ல, சொல்லிட்டு நிக்காம இருங்க. ரோட்டு ஆக்சிடென்ட்டுக்குன்னு இருக்குற தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொத 48 மணி நேர வைத்தியத்த அரசாங்கம் பாத்துக்குது, காப்பீட்டுல ஆபரேசனும் முடியுது, அதுக்கப்புறம் வர்ற ஆறு மாசம் பிசியோவுக்குத்தான் கை காசு, அதுவும் வேலைக்கு போக முடியாத ஆறு மாசத்துல. எனக்கு புரியாதா? தெனம் வர்றத வாரம் ஒண்ணா ஆக்கலாம், அந்த ஒரு நாள்ல அடுத்த வாரத்துக்கு என்னன்னு கத்துக்குடுத்து அனுப்பலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில பிசியோ பிரிவு இருக்கு, இலவசம், கூட்டம் இருக்கும், ஆனா நல்லா வேல தெரிஞ்சவங்க இருக்காங்க, என் கூட படிச்சவங்களே அங்க இருக்காங்க. எந்திரிக்கவே முடியாதவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்குறாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் கேளுங்க. சொல்லாம நின்னா நாங்க என்ன நெனப்போம் தெரியுமா, நம்ம வைத்தியம் சரியில்ல போலன்னு நெனப்போம், நீங்க அங்க எறுகிப்போன முட்டியோட உக்காந்திருப்பீங்க.

தெரபிஸ்ட்ட மாத்துனா துரோகமா?

கல்யாணமா பண்ணிருக்கீங்க? ஒரு மாசமா அதே 15 நிமிசம் அதே மெஷின், ஒரு தடவ கூட அளந்து பாக்கல, ஏன்னு கேட்டா கோவம் வருது, இன்னும் 30 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்றாருன்னா மாத்துங்க. ஆனா எக்சர்சைஸ் கஷ்டமா இருக்கு, அங்க சும்மா படுத்திருந்தா போதும்னு மாத்தாதீங்க. போகும்போது பழைய அளவு எழுதுன சீட்ட கேட்டு வாங்கிட்டுப் போங்க, அது உங்களுது.

வாட்சப்ல எப்ப வேணா மெசேஜ் போடலாமா?

ராத்திரி 11 மணிக்கு "சார் தோசைல உப்பு சேத்துக்கலாமா"ன்னு வந்திருக்கு. பகல்ல போடுங்க, பதில் சொல்றேன். ஆனா சில விசயத்துக்கு மெசேஜே போடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி போங்க: கெண்டக்கால் வீங்கி சூடா வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்குனா, காய்ச்சலோட தையல் போட்ட எடத்துல சீழ் வந்தா. நான் தூங்கிட்டு இருப்பேன், கால் நரம்புல ஒறைஞ்சுபோன ரத்தக்கட்டி தூங்காது. கட்டு பிரிச்ச கை நாளாக நாளாக எரிச்சல் கூடி, நெறம் மாறி, பளபளன்னு வீங்கி, காத்து பட்டாலே வலிக்குதுன்னாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம், மறுநாளே வந்து காட்டுங்க.

பலகாரம் கொண்டு வரலாமா?

முறுக்கு ஓகே. மத்தது வேணாம். போன தீவாளிக்கு ஒருத்தர் வேட்டி சட்டை எடுத்துட்டு வந்து வாங்க மாட்டேன்னதும் கோச்சுக்கிட்டு ரெண்டு நாள் வரல, அதுக்குள்ள தோள் எறுகிருச்சு.

கடைசி நாள்னு ஒண்ணு உண்டா, இல்ல இப்படியே வந்துட்டே இருக்கணுமா?

உண்டு, அத மொத வாரத்துலயே பேசிடணும். நான் இல்லாம நீங்க செய்யற அளவுக்கு கொண்டு வந்து விடறதுதான் என் வேல. சிலர் சரியானதுக்கு அப்புறமும் வருவாங்க, இங்க வந்தா நாலு பேர் பேசுவாங்க, வீட்ல யாரும் இல்ல. ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, தோள் சரியாகி ரெண்டு மாசம் ஆச்சு, "இன்னும் லேசா புடிக்குது தம்பி"ன்னு வருவாரு. பீஸ் வாங்குறத நிறுத்திட்டேன். இப்ப புதுசா கட்டுப் பிரிச்சு பயந்துகிட்டு வர்றவங்க பக்கத்துல உக்காந்து "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு கத சொல்றாரு, பாதி வேல அவரே பாத்துர்றாரு.

உங்களுக்கு அடிபட்டா யார்கிட்ட போவீங்க?

போன வருசம் மழைல வண்டி சறுக்கி இடது மணிக்கட்டு ஒடஞ்சுது. ஆறு வாரம் கட்டு. பிரிச்சதும் என் ஜூனியர்தான் பாத்தா, என்கிட்ட படிச்ச பொண்ணு. மூணு எக்சர்சைஸ் எழுதிக் குடுத்தா, எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். கிளினிக்கு, வீடு, பையன் ஸ்கூல்னு அலைஞ்சதுல நாலு நாளா ஒண்ணும் செய்யல. அஞ்சாவது நாள் வந்து "செஞ்சீங்களா சார்"னா. யோசிக்கவே இல்ல, "செஞ்சேம்மா"ன்னுட்டேன். அவ ஒண்ணும் பேசாம கோணமானிய எடுத்து அளந்தா, என் சீட்ல எழுதுனா. எட்டிப் பாத்தேன். மேல்வரில திங்கக்கிழம 40, கீழ்வரில வெள்ளிக்கிழம 40. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, "சரி சார், எது செய்ய முடியல?"ன்னு கேட்டா.